துக்கார் கையில் தங்காத கித்தார்

எந்தப் பொருளையும் இரண்டு பௌர்ணமிக்கு மேல் கையில் வைத்திருக்கத் தெரியாத மனிதன் உலகத்தில் ஒருவன்தான் பிறந்தான். பிறந்தது மலேசியாவில், பேராக் மாநிலத்தில். மூன்று வேளையும் சாப்பிட்டது என் கடையில்.

அவனுக்கும் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அடையாள அட்டையைத் தவிர வேறு எதுவும் அந்தப் பெயரைப் பயன்படுத்தியதில்லை. ஊருக்கு அவன் துக்கார். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதற்கு மலாய்க்காரர்கள் சொல்லும் சொல் அது. அவனைத் தூரத்தில் பார்த்தாலே சீனர், மலாய்க்காரர், நம்மாள் எல்லாரும் ஒரே குரலில், "துக்கார், இன்னிக்கு என்ன?" என்பார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஈப்போ பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் நான் தோசைக் கடை போட்டிருந்தேன். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் சாம்பாரைக் குறை சொன்னவன் இன்னும் பிறக்கவில்லை. துக்கார் பஸ் கண்டக்டர். ஒரு நாள் தைப்பிங் ஓட்டம், மறுநாள் தாப்பா ஓட்டம். காலையில் தோளில் சிவப்புக் கித்தாரோடு பஸ் ஏறுவான். சாயங்காலம் நீலக் கித்தாரோடு இறங்குவான்.

"என்னடா, காலையில வேற கலருலா இருந்துச்சு?"

"அதுக்கு தைப்பிங் மழை ஒத்துக்கலக்கா. இது கழுத்தப் பாருங்க, எவ்ளோ மெல்லிசு!"

"கோழிக் கழுத்துகூட மெல்லிசுதான். அத மாத்திக்கிட்டு வந்திருந்தா கொழம்பாச்சும் வச்சிருக்கலாம்."

கித்தாரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்குச் சத்தம் கொடுக்க ஆள் உயரப் பெட்டி ஒன்று. அப்புறம் காலால் மிதிக்கிற குட்டிப் பெட்டிகள். ஒன்றை மிதித்தால் கித்தார் அழும். இன்னொன்றை மிதித்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசும். மூன்றாவதை மிதித்தால் என் கடையில் விளக்கு அணையும்.

ஒரு முறை தாப்பாவில் ஒரு சீனரிடம் கித்தாரைக் கொடுத்துப் பெரிய பெட்டியை வாங்கி வந்தான். கடைக்கு வந்து பெட்டியை இறக்கி வைத்த பிறகுதான், அதில் செருக இப்போது கித்தார் இல்லை என்பது அவனுக்கு உறைத்தது. மறுநாள் பெட்டியைக் கொடுத்து வேறொரு கித்தாரை வாங்கினான். இப்போது பெட்டி இல்லை. இந்தக் கூத்து மூன்று மாதம் நடந்தது. அந்த மூன்று மாதமும் எங்கள் தெரு நிம்மதியாகத் தூங்கியது.

இன்னொரு நாள், தைப்பிங் போகிற வழியில் ஒரு வீட்டுக் கொடியில் துணிகளோடு துணியாக ஒரு கித்தார் தொங்குவதைப் பார்த்துவிட்டான். மணியை அடித்து பஸ்ஸை நிறுத்தினான். டிரைவர் எஞ்சினில் ஏதோ கோளாறு போல என்று இறங்கிப் போய்ப் பார்த்தார். பிரயாணிகள் முப்பது பேர் வெயிலில் வெந்தார்கள். இவன் அரை மணி நேரம் கழித்து ஒரு கித்தாரோடும், அந்த வீட்டுக்காரி கொடுத்தனுப்பிய பலாச்சுளையோடும் திரும்பி வந்தான். பலாச்சுளையை எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்ததால் யாரும் புகார் எழுதவில்லை.

இத்தனை வாத்தியம் கை மாறியும் அவன் ஒரு பாட்டை முழுசாக வாசித்து யாரும் கேட்டதில்லை. கேட்டால், "பழைய கித்தாருக்கு நல்லாத் தெரியுங்கக்கா, இதுக்கு இனிமேதான் பழக்கணும்" என்பான், என்னமோ மாட்டைப் பழக்குகிறவன் மாதிரி.

இந்த ஆளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று என் தங்கை பத்மா ஒரு நாள் வந்து நின்றாள். துணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள், கெட்டிக்காரி, என் கடைக்குச் சாப்பிட வந்த இடத்தில் சாம்பாரோடு இவனையும் விழுங்கித் தொலைத்திருக்கிறாள். நான் கரண்டியைத் தூக்கினேன். அப்பா கரண்டி எதையும் தூக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒரு பொருளையும் வச்சுக்கத் தெரியாதவன், பொண்டாட்டிய எப்படிம்மா வச்சுக்குவான்?"

நான் தூக்கிய கரண்டியைக் கீழே வைத்தேன்.

அப்பா லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர், பால் வெட்டுகிறவர்களை மேய்க்கிற வேலை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் ஈப்போவுக்கு வந்து ஒரு மரப் பட்டறையில் காவலுக்கு இருந்தார். தோட்டம் போனாலும் அவருக்குள் இருந்த மண்டோர் போகவில்லை. தோட்டத்தில் இருந்தபோது அவர் மாதா மாதம் மரப்பட்டையில் சாயத்தால் ஒரு புள்ளி வைப்பார். அடுத்த மாதம் வந்து, அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு பட்டையைச் சீவித் தீர்த்திருக்கிறார்கள் என்று விரலால் அளப்பார். தடிமனாகச் சீவியவள் அன்றைக்குச் செத்தாள். அவர் புள்ளியை யாரும் ஏமாற்றியதில்லை. மரம் நின்ற இடத்திலேதானே நிற்கும்?

துக்காரை என் கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் அன்றைய கித்தாரோடு வந்தான். சிவப்புக் கித்தார்.

"வந்துட்டேன், சொல்லுங்க மாமா."

"எவன்டா ஒனக்கு மாமா? அத இங்க வையி."

கித்தாரைக் குப்புறப் போட்டார். அதன் முதுகில் ஆறு ஸ்குரு போட்டு முடுக்கிய வெள்ளை பிளாஸ்டிக் மூடி ஒன்று இருந்தது. சிவப்பு மரத்தில் சிவப்புச் சாயம் தெரியாது என்று, அந்த வெள்ளை மூடியில் கட்டை விரல் அளவுக்கு ஒரு புள்ளி வைத்தார்.

"ஒரு வருசம். மாசா மாசம் வந்து புள்ளியக் காட்டணும். ஒரே ஒரு பொருள ஒரு வருசம் வச்சிருந்து காட்டு, பொண்ண எடுத்துக்க. புள்ளி போச்சு, பொண்ணும் போச்சு."

ஒரு வருடம் சோறு தின்னாமல் இரு என்று சொல்லியிருந்தால் துக்கார் இவ்வளவு வெளுத்திருக்க மாட்டான்.

முதல் மாதம் வந்தான். அப்பா மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். இவன் கித்தாரை மேசைமேல் நிறுத்தி, அதன் முதுகை அவர் பக்கம் திருப்பிக் காட்டினான். புள்ளி இருந்தது. அப்பாவுக்குப் புள்ளியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது; விரலை வைத்துப் பார்த்து, "ம்" என்றார். நான் இந்தப் பக்கம் அடுப்படியில் நின்றேன். எனக்குக் கித்தாரின் முன்பக்கம் தெரிந்தது. அது கறுப்பாக இருந்தது.

வாயைத் திறக்கப் போனேன். பத்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டு தோசையைத் திருப்பிப் போட்டேன்.

இரண்டாம் மாதம் முன்பக்கம் பச்சை. மூன்றாம் மாதம் மஞ்சள். நான்காம் மாதம் மரக்கலர், அதில் யாரோ கிளிப்படம் ஒட்டியிருந்தார்கள். முதுகில் மட்டும் அதே வெள்ளை மூடி, அதே சிவப்புப் புள்ளி, அதே "ம்". ஜப்பான்காரன் அந்தக் கித்தார்களை எல்லாம் ஒரே அச்சில் வார்த்துத் தொலைத்திருந்தான். ஆறு ஓட்டையும் எல்லாவற்றுக்கும் பொருந்தியது. துக்கார் சட்டைப்பையில் டிக்கெட் இருக்கிறதோ இல்லையோ, ஒரு ஸ்குரு டிரைவர் இருந்தது.

ஒரு நாள் அவனைத் தனியாகப் பிடித்தேன்.

"டேய், எங்கப்பன் கண்ணுல மண்ணத் தூவுறியா?"

"இல்லக்கா. புள்ளியத்தான வச்சிருக்கச் சொன்னாரு. புள்ளிய வச்சிருக்கேன்லா?"

"உருப்படுவியாடா நீ?"

"அஞ்சு மாசம் ஓட்டிட்டேன். பாப்போமே."

பதினோராவது மாதம் தைப்பிங்கில் ஒருவன் முளைத்தான். பணக்கார வீட்டுப் பையன், கித்தார்ப் பைத்தியம். அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரப் பாட்டுக்காரன் எவனோ மேடையில் வைத்த அடையாளம் என்று தானாகவே முடிவு கட்டிவிட்டான். மூடியோடு சேர்த்துக் கொடுத்தால் அமெரிக்காவிலிருந்து வந்த தன் கித்தார், ஆள் உயரப் பெட்டி, மிதிக்கிற பெட்டி ஆறு, எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்றான். துக்கார் அன்றைக்குச் சாப்பிட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் கன்னம் ஒட்டிப்போய் வந்து உட்கார்ந்தான். முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். பிறந்ததிலிருந்து அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. அதனால் காய்ச்சல் கண்டுவிட்டது. "ரெண்டு இட்லி போதுங்கக்கா" என்றான். வழக்கமாகப் பன்னிரண்டு தின்பவன்.

அதோடு சும்மா இருந்தானா? வருத்தத்தை ஆற்றிக்கொள்ள, கையிலிருந்ததைக் கொடுத்துப் பெரிய தொப்பை வைத்த வேறு ஜாதிக் கித்தார் ஒன்றை வாங்கினான். அதற்கு முதுகில் மூடியே கிடையாது. இவன் மூடியைப் பசை போட்டு ஒட்டினான்.

கடைசி நாள் வந்தது. பத்மா வேலைக்கு லீவு போட்டிருந்தாள். அப்பா புள்ளியைப் பார்த்தார். விரலை வைத்தார். "ம்" சொல்லப் போனவர், திருப்தியில், நல்ல மரத்தைத் தட்டுவது போல விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். மூடி கழன்று, நேராகத் தேங்காய்ச் சட்டினியில் விழுந்தது.

அப்பா எழுந்து மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாகக் கித்தாரின் முன்பக்கத்தைப் பார்த்தார்.

"செவப்பா இருந்திச்சேடா?"

"இருந்திச்சுங்க."

"எத்தன மாத்துன?"

"பதினேழு."

"மரத்த வித்துட்டுப் பட்டைய வச்சிருக்கியாடா, பாவி!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர்கள்கூட மெல்லுவதை நிறுத்தினார்கள். துக்கார் தலையைத் தொங்கப் போட்டான். அப்போது பத்மா வந்தாள். சட்டினியிலிருந்து மூடியை எடுத்தாள். சேலைத் தலைப்பால் துடைத்து அப்பாவுக்கு முன்னால் வைத்தாள்.

"ஏம்ப்பா, பாலு மரத்துலேர்ந்தா வருது, பட்டையிலேர்ந்தா?"

பத்மா விடவில்லை.

"பட்ட போன மரத்த என்னன்னு சொல்லுவீங்க நீங்க?"

"வெறகு" என்றார் அப்பா, வாய் தவறி. முப்பது வருடம் சொன்ன பதில், தானாக வந்துவிட்டது.

"அப்ப இவரு எதக் காப்பாத்துனாரு?"

அப்பா மூடியைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் தைப்பிங் பையன் கதையைச் சொன்னேன். நான் ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் துக்காரை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்புட்டும் தர்றேன்னானா? ஏன்டா குடுக்கல?"

"குடுத்துட்டு இங்க எந்த மூஞ்சியோட வர்றது மாமா?"

இந்த முறை எவன்டா மாமா என்று அவர் கேட்கவில்லை.

"வெட்டு தப்பு வெட்டுத்தான்" என்றார். "ஆனா மரத்துல காயம் படல. தேதி பாருங்க."

கல்யாணத்துக்கு அப்புறம் அவன் திருந்தினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்த வீட்டில் மின்விசிறி, அலமாரி, மெத்தை எல்லாமே மாறிக்கொண்டிருந்தன. பத்மா வேலையிலிருந்து வந்ததும் முதலில் உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பார்ப்பாள்.

எண்பதுகளில் ஒரு தடவை அவனுக்குக் குடல் வெடித்து, ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத் தைத்தார்கள். ஜன்னலோரம், மின்விசிறிக்கு நேர் கீழே ராஜா மாதிரிக் கட்டில். மூன்றாம் நாள் நான் கஞ்சியோடு போனேன். கட்டில் காலி. விரிப்பைக்கூட உருவிவிட்டிருந்தார்கள். நான் சத்தம் போட்டு அழுகிறவள் இல்லை. அன்றைக்கு அந்த வார்டே திரும்பிப் பார்த்தது.

"அக்கா! அக்கா! இங்கலா இருக்கேன்!"

கக்கூஸ் கதவை ஒட்டின கடைசிக் கட்டிலில் படுத்திருந்தான். அந்தக் கட்டிலுக்குரிய சீனக் கிழவரோடு மாற்றிக்கொண்டானாம். அந்தக் கிழவரை எக்ஸ்ரே படமெடுக்கக் கூட்டிப்போன நேரத்தில் நான் வந்திருக்கிறேன். நர்சு மிஸ்ஸி வேறு, மருந்து மாறிப்போகும் என்று அவனைத் திட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

"மூதேவி! காத்து வர்ற கட்டிலக் குடுத்துட்டு, எவனாச்சும் இந்த நாத்தத்த வாங்குவானாடா?"

"அங்கேர்ந்து பாத்தா மாமரந்தான் தெரியுது. இங்கேர்ந்து பாருங்க, மாடிப்படி தெரியுது. அஞ்சரைக்கு பத்மா ஏறி வருவாள்லா."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஒரு மூச்சு திட்டித் தீர்த்தேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன். மணி ஐந்துதான் ஆகியிருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நானும் அந்தப் படியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.