மேலே போன பந்து

"பண்ணைப் பையனாம். நம்ம எஸ்டிலைப் பண்ணைப் பையன்னு சொல்றான். அவங்கப்பா பல் டாக்டர்னு அவனுக்குத் தெரியுமா?"

வெர்லின் டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்தார். நியூயார்க் வர்ணனையாளர் ஊமையானார்.

"மாசம் பத்து டாலர் கொடுத்து கேபிள் வாங்கி, அவன் வாயை நீயே அடைக்கிறியே மச்சான்," என்றான் ஹோபர்ட், வெர்லின் மனைவியின் தம்பி. "நல்ல வியாபாரம்."

"போன வருஷம் வரைக்கும் ஆன்டெனாவுல சும்மா வந்துச்சு. நம்ம பசங்க ஆடுற ஆட்டத்தைக் கம்பியில இழுத்துட்டு வந்து நமக்கே விக்கிறான். நம்ம கிணத்துத் தண்ணியை நமக்கே குடத்துல அளந்து ஊத்துற கதை."

கென்டக்கி மலைப்பக்கத்தில் கல்லூரிக் கூடைப்பந்து என்றால் படம் டிவியில், குரல் ரேடியோவில். வெர்லினும் தன் இரும்புக்கடைக் கல்லா மேல் ரேடியோவைத் தூக்கி வைத்தார். உள்ளூர் நிலையத்தின் கிளீட்டஸ் இருபத்திரண்டு வருடமாக வர்ணனை சொல்லி வருகிறவர். ஆட்டம் எந்த ஊரில் நடந்தாலும் வண்டியேறிப் போய் ஆடுகளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார்.

இன்றைய ஆட்டம் சாதாரணமானதல்ல. பந்தயப்படி, எஸ்டில் ஆடும் நீலச்சட்டைக் கல்லூரி சிவப்பு அணியிடம் தோற்றால், நாளை ஞாயிறு ஆராதனை முழுக்க முதல் வரிசையில், ஹோபர்ட்டின் சிவப்புத் தொப்பியோடு வெர்லின் உட்கார வேண்டும். வெர்லின் அந்தச் சபையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். முழங்கால் அளவு பனியில் ஹோபர்ட் நடந்தே வந்திருந்தான், தொப்பியைக் கோட்டுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு.

திரையில் பந்து கூடைக்குள் விழுந்தது. இரண்டு நொடி கழித்து ரேடியோ சொன்னது: "எஸ்டில் எறியிறான்... விழுந்துருச்சு."

வெர்லின் முகம் சிவந்தது. "பார்த்தியா? கேபிள்காரன் முந்துறான்."

"ரேடியோ பிந்துதுன்னு வச்சுக்கயேன்."

"நேர்ல பார்த்துச் சொல்றவன் எப்படிடா பிந்துவான்?"

கேபிள் அலுவலகத்துக்குப் போன் போட்டார். எடுத்த பெண் பொறுமையானவள்.

"படம் சீக்கிரமா வருதுன்னா புகார் சொல்றீங்க, சார்?"

"ஆமாம்மா. ஒரு ரெண்டு செகண்டு பிடிச்சு வச்சு விடுங்க."

"வரலைன்னு சொல்றதுக்குத்தான் சார் எங்ககிட்ட புகார்த் தாள் இருக்கு."

போனை வைத்த வேகத்தில் ஆணி டப்பா ஒன்று கவிழ்ந்தது. வெர்லின் டிவியைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஹோபர்ட் சும்மா இருப்பானா? பெயிண்ட் டின்களுக்கு இடையில் நுழைந்து, சுவருக்கும் டிவிக்கும் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"போச்சு மச்சான், நம்ம சிவப்புக்கு ரெண்டு," என்று அங்கிருந்து குரல் வந்தது. அதற்குப் பிறகுதான் கிளீட்டஸ் அதையே வருத்தத்தோடு சொன்னார்.

"வெளிய வாடா."

"குளிருக்கு இதமா இருக்கு. டிவி நல்லா சுடுது."

"எஸ்டில் நெத்தியில மூணு சொட்டு வேர்வை நிக்குது, நேயர்களே," என்றது ரேடியோ.

"என்ன கண்ணு பாரு மனுஷனுக்கு," என்று வெர்லின் நெகிழ்ந்தார். "நியூயார்க்காரனுக்கு இது தெரியுமா?"

ஒன்பது நொடி பாக்கி. நீலம் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து எஸ்டில் கைக்குப் போகப் போகிறது. தன் மானம் போகுமா நிற்குமா என்பதைச் சிவப்புத் தொப்பிக்காரன் வாயால் முதலில் கேட்பதா?

வெர்லின் அலமாரியிலிருந்து கம்பி வெட்டும் குறடை உருவினார். விலைச்சீட்டு இன்னும் அதில் ஆடிக்கொண்டிருந்தது. பின்கதவைத் திறந்தார். கடைத்தெருவின் பின்சுவர் நெடுக ஒரு தடித்த கம்பி ஓடியது. அதிலிருந்து மெல்லிய ஒன்று கிளை பிரிந்து அவர் கடைக்குள் வந்தது. இருந்த கோபத்துக்கு மெல்லியது போதவில்லை. தடித்ததை வெட்டினார்.

உள்ளே வந்தபோது ஹோபர்ட் டிவியைத் தட்டிக்கொண்டிருந்தான். "மச்சான், இருட்டாயிடுச்சு."

"இனிமே கிளீட்டஸ் சொன்னாத்தான் உண்டு. வந்து உக்காரு."

இருவரும் ரேடியோவை நோக்கிக் குனிந்தார்கள்.

"எஸ்டில் எம்புறான்... எறிஞ்சுட்டான்... பந்து மேல போகுது..."

ரேடியோ நின்றது.

"இன்னும் மேலதான் போகுது, நேயர்களே," என்றார் கிளீட்டஸ். தொண்டையைச் செருமினார். "நல்ல உயரமாப் போகுது."

அரை நிமிடம் ஓடியது.

"இன்னும் கீழ வரல."

ஹோபர்ட் மச்சானின் முகத்தைப் பார்த்தான். மச்சான் ரேடியோவின் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

அப்போது முன்கதவு திறந்தது. நாலு கடை தள்ளி, பேங்க் மாடியில் இருக்கும் ரேடியோ நிலையத்தில் டைப் அடிக்கும் வான்டா, செருப்புகூட மாற்றாமல் பனியில் ஓடி வந்திருந்தாள்.

"வெர்லின் அண்ணே, அந்தப் பந்து விழுந்துச்சா இல்லையான்னு உங்க டிவியைப் பார்த்துட்டு வரச் சொன்னாரு கிளீட்டஸ். ரோடு அடைச்சுக் கிடக்குன்னு பாவம் மனுஷன் ஆரம்பத்துல இருந்து எங்க மாடியில கேபிளைப் பார்த்துத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு, அந்தக் கடைசி எறியை மட்டும் உத்தேசமா விட்டாரு, எவனோ கம்பியை வெட்டிட்டான்."