காவல் கோட்டத்துக்குப் போன துப்பாக்கி

ஒரு பக்கம் வனமும் மற்ற மூன்று பக்கமும் அதிகாரிகளும் சூழ்ந்த கரட்டுநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே அரசரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிட எல்லோருக்கும் உரிமை உண்டு. நடப்பு அரசர் ஒருவருக்குத்தான் அதற்கு நேரம் இருந்தது. அப்படியிருந்தும் தேர்தல் வந்துவிட்டால் அரண்மனை பதறிப்போகும். அமைதி கெட்டுவிடக் கூடாதாம்.

அந்த நாட்டின் வனத்தோரத்தில் இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் போட்டுவந்தான் நாச்சப்பன். அவனிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்று இருந்தது. காட்டுப்பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அவ்வளவுதான், கூட்டம் வந்த வழியே ஓடிவிடும். பதினோரு வருஷத்தில் அந்தத் துப்பாக்கி ஒரு கொசுவைக்கூடக் கொன்றதில்லை. ஆனாலும் அது இருந்ததால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது.

தேர்தல் அமைதியாக நடக்கும்பொருட்டு, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர் யாவரும் அதைக் காவல் கோட்டத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தவர்களைப் பற்றி ஆணையில் ஒரு வார்த்தை இல்லை. அவர்களும் ஆணையை மதித்து வீட்டிலேயே இருந்தார்கள். நாச்சப்பன் துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மாலை போடாத குறையாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

அரசர் வென்றார். மறுநாளே நாச்சப்பன் காவல் கோட்டத்துக்குப் போய், அதன் தலைவர் ரங்கபூபதியார் முன்னால் கைகட்டி நின்றான்.

"சாமி, தேர்தல்தான் முடிஞ்சுபோச்சுங்களே. துப்பாக்கியக் குடுத்தீங்கன்னா பன்னி வர்றதுக்குள்ள ஊடு போய்ச் சேந்துருவனுங்க."

"தேர்தல் முடிந்துவிட்டது என்று உமக்கு யார் சொன்னது? வாக்குப்பதிவுதான் முடிந்திருக்கிறது. தேர்தல் என்பது ஓர் உணர்வு ஐயா. அந்த உணர்வு தணிய வேண்டாமா?"

உணர்வு தணிய ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அது முழுசாகத் தணிவதற்குள் நெற்களஞ்சிய வாரியத்துக்குத் தேர்தல் வந்தது. பிறகு அரண்மனைத் தோட்டக் குழுவுக்கு. தேர்தலைத் துண்டு துண்டாக நறுக்கி நடத்தினால் வருஷம் முழுவதும் அமைதி காக்கலாம் என்று அமைச்சர் ஒருவர் கண்டுபிடித்திருந்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நாச்சப்பன் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு தேர்தல் நடந்துகொண்டிருந்தது.

நான்காம் மாதம் ரங்கபூபதியார் அவனை உட்காரச் சொன்னார்.

"உம்முடைய உரிமம் போன செவ்வாயோடு காலாவதியாகிவிட்டது. உரிமம் இல்லாதவர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது சட்டவிரோதம். புதுப்பித்துக்கொண்டு வாரும்."

உரிம மாளிகைக்கு ஓடினான். அங்கிருந்த எழுத்தர் கையை நீட்டினார்.

"துப்பாக்கியைக் காட்டும். பார்க்காமல் எப்படிப் புதுப்பிப்பது?"

"அது காவல் கோட்டத்துல இருக்குதுங்க."

"அப்படியானால் அது காவல் கோட்டத்தின் துப்பாக்கி. உம்முடையது என்று எதை வைத்துச் சொல்கிறீர்?"

அட கஷ்டகாலமே! சொந்தப் பொருளைச் சொந்தமென்று சொல்ல ஒரு மனிதன் இன்னும் எத்தனை வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான்? கோட்டத்திலிருந்து மாளிகைக்கு, மாளிகையிலிருந்து கோட்டத்துக்கு என்று பதினான்கு நடை நடந்தான். செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

நாட்டு நிலவரத்தைக் குடிமக்களுக்கு முன்பே பன்றிகள் புரிந்துகொண்டன. பட்டப்பகலில் குட்டிகளோடு வர ஆரம்பித்தன. வனத்தோரத்தார் எல்லோரும் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். அரண்மனை மனமிரங்கி இரண்டாவது ஆணையை அனுப்பியது. பன்றியைச் சட்டப்படி விரட்ட வேண்டும். விளைநிலத்தில் நுழைந்த பன்றியிடமிருந்து பத்தடி தள்ளி நின்று, வெளியேற்ற அறிவிப்பை மூன்று முறை உரக்கப் படிக்க வேண்டும். அதற்கும் போகாவிட்டால், அந்தப் பன்றியின் அங்க அடையாளங்களோடு புகார் எழுதித் தர வேண்டும்.

நாச்சப்பனின் மனைவி பாவாயிக்குப் படிக்கத் தெரியும். சோளக்காட்டில் நின்று, "காட்டுப்பன்றியாகிய தாங்கள் அறிவது என்னவென்றால்" என்று ஆரம்பித்தாள். பன்றி தலைதூக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு சோளத்தட்டையைச் சாய்த்தது. இரண்டாம் முறை படிக்கும்போது குட்டிகளும் வந்து சேர்ந்துகொண்டன. மூன்றாம் முறைக்கு அது அங்கேயே படுத்துவிட்டது.

"ஏனுங்க, எனக்கு வாயில நல்லா வந்துரும். நான் என்ன இதுக்குத் தாலாட்டா பாடிட்டு இருக்கறன்?" என்று காகிதத்தைச் சுருட்டி எறிந்தாள் பாவாயி. உடனே ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டாள். அரசாங்கக் காகிதமாயிற்றே.

தகரத்தைத் தட்டி விரட்டிப் பார்த்தார்கள். அது கொஞ்சம் பலித்தது. மறுநாளே கோட்டத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

"தேர்தல் காலத்தில் தகரம் தட்டுவது பிரச்சாரம். எந்தக் கட்சிக்காகத் தட்டினீர்?" என்று கேட்டார் ரங்கபூபதியார்.

"பன்னிக்குத் தட்டினனுங்க சாமி."

"பன்றிக்கு ஆதரவாகவா, எதிராகவா?"

இனிமேல் தட்டமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

ஒரு ஏக்கர் போய்விட்டது. மிச்சமிருந்த ஒரு ஏக்கரில் கதிர் பால் பிடித்திருந்தது. இருபது நாள் காப்பாற்றிவிட்டால் அறுத்துவிடலாம். அதுவும் போனால் அடுத்த விதைப்புக்கு விதைகூட இல்லை. ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கடைசி முறையாகக் கேட்டுப் பார்ப்போம் என்று நாச்சப்பன் தலைநகரிலிருந்த கோட்டத்துக்குக் கிளம்பினான்.

அன்று தோட்டக் குழுத் தேர்தலின் வெற்றி ஊர்வலம். அரசரின் தொண்டர்கள் ஆடிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவன் தோளில் ஒரு துப்பாக்கி. அதன் கட்டையில் விரிசல் விட்ட இடத்தில் செம்புக்கம்பி சுற்றியிருந்தது. சுற்றியவனுக்குத் தெரியாதா?

"அது என்ற துப்பாக்கி, என்னுது!" என்று கத்தினான் நாச்சப்பன்.

அவன் கத்தியது கொட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தொண்டன் குஷியில் மேல்நோக்கி ஒரு வெடி வெடித்தான். குண்டு நேரே போய், நாற்பதடி உயரத்தில் நின்ற அரசரின் கட்-அவுட்டில் மூக்கைப் பெயர்த்தது. கொட்டு நின்றது. தொண்டன் துப்பாக்கியைத் தரையில் போட்டுவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டான். கத்தியவன் மட்டும் அங்கேயே நின்றான். அவனையும் துப்பாக்கியையும் காவல் கோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இத்தனை மாதம் கிடைக்காத ஆவணங்கள் அரை மணி நேரத்தில் கிடைத்தன. ரங்கபூபதியார் அவற்றை மேஜைமேல் பரப்பினார்.

"எண் சரி. கையெழுத்து சரி. முத்திரையும் சரி. சந்தேகமே இல்லை, இது உம்முடைய துப்பாக்கியேதான்."

நாச்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதத்தானுங்க சாமி நானும் இத்தன நாளாச் சொல்லிட்டு இருக்கறன்! குடுத்துருங்க, போயர்றன்."

"அரசரின் மூக்கைச் சுட்ட துப்பாக்கி. உரிமையாளருக்கு ஏழாண்டுச் சிறை."

"என்ற கையிலயே இல்லீங்களே! உங்ககிட்டத்தான இருந்துச்சு!"

"கையைப் பற்றி யார் பேசினார்கள்? உரிமையைப் பற்றிப் பேசுகிறோம்." அவர் இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். "துப்பாக்கி என்னுடையது என்று இதில் கையெழுத்துப் போட்டால் சிறைக்குப் போகலாம். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இதில் போட்டால் வீட்டுக்குப் போகலாம்."

வயிறெரிய இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட்டான் நாச்சப்பன். வெளியே வந்தால், வனத்தோரத்தார் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். மூக்கைப் பெயர்த்த குண்டு யாருடைய துப்பாக்கியிலிருந்தும் வந்திருக்கலாம் என்று அவர்களுக்கும் விளக்கப்பட்டிருந்தது. மக்கள் தாமாகவே முன்வந்து துப்பாக்கிகளைத் துறந்தார்கள் என்று மறுநாள் அரண்மனை அறிவித்தது.

மிச்சமிருந்த ஒரு ஏக்கரை முடிக்கப் பன்றிகளுக்கு இரண்டே நாள் போதுமாயிருந்தது.

பாவாயி பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது தண்டோராக்காரர் வந்தார். அடுத்த மாதம் மீண்டும் அரசருக்கான தேர்தலாம். அது அமைதியாக நடக்கும்பொருட்டு, ஒவ்வொருவரும் வீட்டுக்கு வந்திருக்கும் தமது வாக்குச்சீட்டை மூன்று நாள் முன்னதாகவே காவல் கோட்டத்தில் ஒப்படைத்துவிட வேண்டுமாம்.

"அப்ப எங்க ஓட்ட யாருங்க போடுவாங்க?" என்று கேட்டாள் பாவாயி.

தண்டோராக்காரர் ஓலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணும் எழுதுலீங்க அம்மணி. பத்திரமா இருக்கும்னு மட்டும் எழுதியிருக்குது."

நாச்சப்பன் தலையிலிருந்த மூட்டையைக் கீழே இறக்கினான். உள்ளே போய் இரண்டு வாக்குச்சீட்டுகளையும் எடுத்துவந்து, தண்டோராக்காரர் கண்முன்னாலேயே மடியில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"இங்கயே பத்திரமாத்தான் இருக்குதுன்னு போய்ச் சொல்லுங்க."