அம்மா வாங்கிய நாற்பது

அன்புள்ள மூத்த மகளுக்கு, ஆசிகளுடன் அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அந்த ‘நலம்’ என்பதற்கு முன்னால் ‘ஏறக்குறைய’ என்று சேர்த்து வாசித்துக்கொள்.

அம்மாவுக்குக் கால் வீங்குகிறது என்று இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள் அல்லவா, எடுத்தாயிற்று. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு டாக்டர் சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். ஆயுசெல்லாம் விடைத்தாள் திருத்தியவன் கையில் ஒரு தாளைக் கொடுத்துச் சும்மா இரு என்றால் இருப்பேனா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினேன். ஒன்றும் விளங்காத வரிகளுக்கு நடுவே ‘இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் நாற்பது சதவீதம்’ என்று தெளிவாக ஒரு மதிப்பெண். முப்பத்தைந்து வாங்கினால் தேர்ச்சி என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிய கணக்கு. "பாஸ்," என்றேன். உன் அம்மா அதைப் பக்கத்து நாற்காலிக்காரரிடமும் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி, பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பாஸான இதயம் ஏன் இப்படி இரைக்கிறது என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மாவிடமும் பாஸ் என்றே சொன்னேன். "சார், இது பரீட்சை இல்ல. உள்ள வந்த ரத்தத்துல ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் எவ்வளவு வெளிய தள்ளுதுங்கிற கணக்கு. யாரோட இதயமும் நூறு தள்ளாது. நல்ல இதயமே அறுபது பக்கம்தான்," என்றார். அப்படியானால் அறுபதுக்கு நாற்பது, முதல் வகுப்பாயிற்றே என்றேன். "அப்படியும் போடக்கூடாது சார்," என்று சொல்லிவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். ஹார்ட் ஃபெயிலியர். அவர் அம்மா பக்கம் திரும்பி, "நின்னு போச்சுன்னு அர்த்தமில்லம்மா. களைச்சுப்போய் வேலை செய்யுது. மாத்திரையை விடாம சாப்பிட்டு உப்பைக் குறைச்சா, தேறி வர வாய்ப்பு இருக்கு," என்றார்.

எவ்வளவு வந்தாலும் கொஞ்சத்தை உள்ளேயே வைத்துக்கொள்வது இதயத்தின் இயல்பாம். உன் அம்மாவைப் பற்றித்தான் சொல்கிறாரோ என்று பட்டது. மாதக்கணக்கில் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போய், அங்கேயே உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்துவிட்டுத்தான் இறங்கி வந்திருக்கிறாள். கேட்டால், காற்று நன்றாக இருந்தது என்பாள். நானும் நம்பினேன்.

திரும்பி வரும்போது அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்: "நீங்க எத்தனை பிள்ளைங்களுக்கு ஃபெயில் போட்டிருக்கீங்க. எல்லாரும் மறுபடி எழுதித் தேறலையா? நானும் எழுதிக்கிறேன்."

ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. அம்மா தைரியமாக இருக்கிறாள்; நானும் தைரியமாக இருக்கிறேன். வேலையைப் போட்டுவிட்டு நீ ஓடிவர வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் இருவர் ஆசியும் என்றும் உண்டு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: அம்மா தைரியமாக இருப்பது உண்மை. மற்றது பொய். லீவு கிடைத்தால் உடனே கிளம்பி வா. நான் கூப்பிட்டேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.