பதினோராம் அறை காலி என்ற கம்ப்யூட்டர்

குற்றாலம்
18-7-1989

சிரஞ்சீவி மாப்பிள்ளை கணபதிசுப்பிரமணியனுக்கு, மாமனார் ஹரிஹரசுப்பிரமணியன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே சாரல் நன்றாக இருக்கிறது, அருவி நன்றாக இருக்கிறது, உங்கள் அத்தையின் முழங்கால்கூட நன்றாக இருக்கிறது. நன்றாக இல்லாதவை, நீங்கள் சென்னையிலிருந்து கொண்டுவந்து எங்கள் லாட்ஜில் வைத்துவிட்டுப் போன மூன்று கம்ப்யூட்டர்கள்தான்.

பத்திரப்பதிவு ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் ஒரு காகிதத்தைத் தொலைக்காதவன் நான். ஓய்வுக்குப் பிறகு இந்த லாட்ஜில் மேனேஜராகச் சேர்ந்து, என் மருமகன் பெரிய மூளைக்காரர் என்று முதலாளி செல்லச்சாமி அண்ணாச்சியிடம் சொன்னது என் வாய்க்கொழுப்பு. ஸ்டோர் ரூமில் உள்ள கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தங்குவோர் பதிவேடு. முன்வாசலில் வருகிறவர்களுக்கு அறை கொடுக்கும் இராமலட்சுமி தன் பெட்டியிலிருந்து ஒயர் வழியாக அதில் எழுதுவாள். தினமும் காலை பத்து மணிக்கு நான் என் பெட்டியிலிருந்து அதையே பிளாப்பியில் நகல் எடுக்க வேண்டும். நகல் இருந்தால் இடி விழுந்தாலும் பயமில்லை என்றீர்கள். இடி விழவில்லை, போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரண்டுதான் போனது. திரும்பி வந்தபோது பதிவேடு திறக்கவில்லை. நான் மார்தட்டிக்கொண்டு காலை எடுத்த நகலை ஏற்றினேன். அதற்குப் பிறகு வந்தவர்களை இராமலட்சுமி ரசீதைப் பார்த்துச் சேர்த்தாள். பதினோராம் அறை காலி என்றது. அந்நேரம் கடையநல்லூர் சைதூன் பீவி அம்மாள் மகள், பேத்தி என்று ஏழு பெண்களோடு வந்து நின்றார். “சார், அந்த ரூம் சாவி பலகையில இல்லயே” என்றாள் இராமலட்சுமி. “கம்ப்யூட்டரே சொல்லுது, நீ பேசாம இரி” என்று மாற்றுச் சாவியோடு நானே போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே ரிட்டயர்டு சுபேதார் நல்லக்கண்ணு, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, கோவணத்தோடு கட்டிலில் குப்புறக் கிடந்தார்.

“ஏன்வே, பட்டாளத்துலகூட என்னைய எவனும் இந்தக் கோலத்துல பாத்ததில்ல! நான் இருக்கேனா இல்லயான்னு உம்ம பெட்டிதான் சொல்லணுமோ?”

சைதூன் பீவி முக்காட்டை இழுத்துக்கொண்டே, “காலி ரூமுன்னியளே மேனேஜரே, இவுகளயும் ரூமோட சேத்துத் தாரியளோ?” என்றார்.

அன்றே உங்களுக்கு டிரங்க்கால் போட்டேன். ஒயர் லூசாக இருக்கும் என்றீர்கள், பிடுங்கிச் செருகினேன். மறுநாள், சாரலில் பிளாப்பி நமத்திருக்கும் என்றீர்கள். அரிசி டின்னில் போட்டு வைத்தேன், அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூன்றாம் நாள், “இங்கே சரியாகத்தானே வேலை செய்கிறது?” என்றீர்கள். உங்கள் ஆபீசில் சீசன் கூட்டமா வருகிறது? இங்கே நகலைத் திறந்து பார்த்தால் ஒரு நாள் ஆள் பெயர் உண்டு, அவர் இருக்கும் அறை காலி என்கிறது. மறுநாளும் அதே கதை. கடைசியில் இராமலட்சுமிதான் சொன்னாள்:

“சார், நீங்க நகல் எடுக்குத கால் மணி நேரமும் நான் சும்மாவா இருக்கேன்? ஆளுவ வந்துகிட்டே இருக்காவ, நானும் எழுதிக்கிட்டுல்லா இருக்கேன். உங்க பெட்டி முதல்ல ரூம் பட்டியல எடுக்குது, அப்பறம் ஆள் பட்டியல எடுக்குது. நடுவுல வந்த சுபேதார் ஆள் பட்டியல்ல இருப்பாரு, ரூம் பட்டியல்ல எப்படி இருப்பாரு?”

மறுநாள் அவள் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வந்தவர்களுக்குச் சுக்குக் காப்பி கொடுத்துச் சமாளித்தோம். நகலைத் திறந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சரிபார்த்தோம். ஒரு அறைகூடத் தப்பவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெண்ணுக்குப் பட்டது இன்ஜினீயரிங் படித்த உங்களுக்குப் படவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை லாரியோடு வந்து மூன்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடவும். எங்களுக்கு நீள நோட்டே போதும்.

விஜயத்துக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. உங்களுக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் கொஞ்சம் நிதானமும் பெருக அந்தக் குற்றாலநாதர் அருள வேண்டும்.

இப்படிக்கு,
ஹரிஹரசுப்பிரமணியன்

பி.கு.: மேலே உள்ளதைப் படித்திருந்தால் மறந்துவிடவும். கடிதத்தை ஒட்டப்போகும் சமயம் அண்ணாச்சி வந்து, கோளாறைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்று வாயில் வந்துவிட்டது. என்னைக் கம்ப்யூட்டர் அதிகாரி ஆக்கிவிட்டார். மேலகரத்தில் கட்டும் புது லாட்ஜுக்கும் மூன்று பெட்டி வேண்டுமாம். ஆகவே லாரியைக் காலியாகக் கொண்டுவர வேண்டாம். இராமலட்சுமியிடம் விஷயத்தை ஒப்புக்கொண்டேன். “அதுக்கென்ன சார், நீங்க அதிகாரியாவே இருங்க. ஒண்ணையும் தொடாம இருந்தா போதும்” என்கிறாள்.