அக்கா என்னை சார் என்று கூப்பிட்ட கல்யாணம்

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்குத் தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே என் மனைவி சௌக்கியம். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் சௌக்கியம். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து நான் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. காரணம் நீ.

கேன்டீன் நடத்துகிறவளாயிற்றே என்று என் மகள் கல்யாணச் சமையலை உன்னிடம் ஒப்படைத்தபோது, கூலி என்று ஒரு கவரை நீட்டினேன். சொந்தக்காரர்கள் சும்மா வந்து செய்தால் சோறு குழைந்தாலும் வாயைத் திறக்க முடியாது, காசு கொடுத்துவிட்டால் தைரியமாகக் கண்டிக்கலாம் அல்லவா? நீ அதை வாங்கிக்கொண்டு, "சரிங்க சார்" என்றாய். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன்.

கல்யாணத்தன்று சமையலறைக்குள் வந்தால், என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த நீ, "சார், உப்பு பாத்துச் சொல்லுங்க" என்று கரண்டியை நீட்டுகிறாய். "என்னக்கா இது, பைத்தியமா உனக்கு?" என்றேன். "வேலை நேரத்துல சொந்தம் பேசக்கூடாது சார்" என்றாய். உன் ஆட்கள் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். சரி, வேலையிலாவது ஒரு குறை கண்டுபிடிப்போம் என்று பார்த்தால், அம்மாடி! ஒரு பஸ்தான் என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டார் மூன்று பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ ஜன்னல் வழியே ஒருமுறை எட்டிப் பார்த்தாய். "முதல்ல சூப்பை ஊத்துங்கடா, மெதுவா ஊத்துங்க" என்றாய். அவ்வளவுதான். அவர்கள் சூப்பைக் குடித்து முடிப்பதற்குள் இன்னோர் அடுப்பில் அரிசி கொதிக்கிறது, காய் நறுக்கியாகிவிட்டது, கேஸ் தீருகிற நேரம் பார்த்துப் புதுச் சிலிண்டர் தானே நடந்து வந்ததுபோல் வந்து நிற்கிறது! மூன்று பஸ் ஜனமும் சாப்பிட்டது, டிரைவர்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வாயைப் பிளந்து நின்றேன், அக்கா. ஒரே வீட்டில் வளர்ந்தும் நீ யாரென்று தெரியாமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேனே!

ஆனால் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது, "கூலிக்கு வந்தவங்க மேடை ஏறுனா நல்லா இருக்காது சார்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாய். என் மகள் அழுதேவிட்டாள். நானோ சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் திரிந்திருக்கிறேன், படம் வந்த பிறகுதான் தெரிந்தது. நீ பார்க்காமலா இருந்திருப்பாய்? மண்டையில் ஒரு குட்டு வைத்துச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆளைக் காசு கொடுத்துத் தொலைத்துவிட்டேன். அதற்கப்புறம் நீ வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போன் செய்தால், "கேன்டீன், சொல்லுங்க சார்" என்கிறாய். என்னால் தாங்க முடியவில்லை, அக்கா. அந்தக் கவரைத் திருப்பிக் கொடுத்துவிடு. இனிமேல் சொந்தத்துக்குள் ஒருவருக்கும் ஒரு பைசா கூலி கொடுக்க மாட்டேன், சத்தியம்.

அத்தானுக்கு என் வணக்கம். கைகால் வலியில்லாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சார் இல்லை, உன் தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது நீயே போன் செய்துவிட்டாய். "டேய், நீ குடுத்த காசு சமையலுக்கு மட்டும்தாண்டா. உன்னையெல்லாம் போய் சார்னு கூப்பிட்டேனே, அந்தக் கஷ்டத்துக்கு எவன் குடுப்பான்? அதுக்குத் தனியா எடுத்து வை, ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கறேன்" என்றாய். மேலே செய்த சத்தியம் ரத்து. எவ்வளவு கேட்டாலும் தருகிறேன், அக்கா. வா.