வண்டி இன்னும் பழகலை

காஷ்மீர் வரைக்கும் ஸ்கூட்டரில் தன்னந்தனியாகப் போய்த் திரும்புவது என்று சிவனணைந்தபெருமாள் முடிவெடுத்தது ஒரு சீசன் காலத்தில்தான். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் தென்காசியில் வீடு வைத்திருப்பவன் தலையில் சொந்தக்காரர்கள் விழுவார்கள். அந்த வருஷம் மனைவி தங்கத்தாய் வகையில் மட்டும் ஒரு பஸ் ஆட்கள். தன் வீட்டு பாத்ரூம் வாசலில் துண்டோடு வரிசையில் நின்றபோது மனுஷனுக்கு ஞானம் பிறந்தது.

செங்கோட்டையில் ஒருவர் வீட்டுக் கொட்டிலில் கோழி அடைந்து கிடந்த பழைய இத்தாலி ஸ்கூட்டர் கைக்கு வந்தது. மெக்கானிக் மைதீன் அதைப் பிரித்துப் போட்டு, சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து, புதுப் பிஸ்டன் போட்டு உயிர் கொடுத்தான். தூரப் பயணத்துக்கென்று பெருமாள் சொல்லிச் செய்த மாற்றங்கள் வேறு. பெரிய பெட்ரோல் டாங்கு. படுக்கை கட்ட இரும்புக் கேரியர். முதுகு நோகாமலிருக்க நீளமான மெத்தை சீட்டு.

தங்கத்தாய் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

"ரீபோர் பண்ணின இஞ்சின் அண்ணாச்சி. கொஞ்ச நாளு மெதுவா ஓட்டிப் பழக்கணும். பழகினதும் நானே சொல்லுதேன்" என்றான் மைதீன்.

இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னதுதான் அவர் செய்த தப்பு.

"பழக்கத்தானே வேணும்? புளியங்குடிக்குப் போயி எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்திருங்க" என்றாள் தங்கத்தாய்.

காஷ்மீருக்கென்று செய்த கேரியரில் எலுமிச்சை மூட்டை ஏறியது. சுவாதிக்குச் சுவாதி கீழப்பாவூர் நரசிம்மருக்கு எண்ணெய் போயிற்று. நீளமான சீட்டில் மச்சினன் பிள்ளைகள் ஈரத்துணியோடு நெருக்கி உட்கார்ந்து அருவிக்குப் போய் வந்தார்கள். டாங்கு பெரிசு என்பதால் பெட்ரோல் இல்லை என்று பொய் சொல்லவும் வழியில்லை.

மாதம் ஒருமுறை மைதீனிடம் போவார். அவன் இஞ்சினில் காதை வைத்துக் கேட்பான். உதட்டைப் பிதுக்குவான்.

"இன்னும் பழகலை அண்ணாச்சி."

தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. வடக்கே பனி விழுந்து பாதை அடைத்துவிட்டது என்று பேப்பரில் படித்த அன்றைக்கு அவருக்கு அழுகையே வந்தது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, யாருக்கும் எதுவும் வாங்கி வராத ஒரு பயணம் போக ஆசைப்பட்டார். அது அவ்வளவு பெரிய பேராசையா?

வைகாசி கடைசியில் பொறுமை போய், பழகினாலும் பழகாவிட்டாலும் கிளம்பிவிடுவது என்று சொல்ல மைதீன் வீட்டுக்கே போனார். மைதீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டுக்குப் பக்கத்தில் ஓர் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. மூடியில் ஓரம் உடைந்திருந்தது. உடைத்தது அவரேதான், போன வருஷம், தன் வீட்டு அடுக்களையில்.

"அக்கா குடுத்தாவ. மாசாமாசம் ஒரு ஜாடி வந்துரும்" என்றாள் மைதீனின் மனைவி மெஹர் பானு, சூதுவாது தெரியாமல்.

மைதீன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் என்ன செய்ய அண்ணாச்சி? பழகலைன்னே சொல்லணும்னு அக்கா சொல்லி வச்சுட்டாவ. வண்டி போன ஆடியிலேயே பழகிட்டு."

தன் முதுகு நோகச் சுமந்து வந்த எலுமிச்சையே தனக்கு எமனாக வந்ததை நினைத்துப் பெருமாளுக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து படுக்கையைச் சுருட்டிக் கேரியரில் கட்டினார். விடிந்தால் பயணம் என்றார்.

தங்கத்தாய் மறைக்கவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"வண்டி பழகிட்டு, சரி. நீங்க இல்லாத வீடு எனக்குப் பழகலையே. அதுக்கு நான் என்ன செய்ய?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெருமாள் நின்றார். இந்த மனசைப் புரிந்துகொள்ளாமல் காஷ்மீர், காஷ்மீர் என்று கிடந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார். மெதுவாகக் கயிற்றை அவிழ்த்தார். படுக்கையை எடுத்து உள்ளே வைத்தார்.

"நான் எங்கயும் போகலை, போ."

"போகலைல்லா? அப்பம் காலையில ஸ்டேஷனுக்கு வண்டியை எடுத்துட்டுப் போயிருங்க. சாரல் விழுந்தாச்சு, சித்தி வீட்டுல எல்லாரும் வருதாவ."