பதினோரு நிமிடத்தில் பதில் வந்த மனு

என்னை ஏமாற்றியவருக்கு நான் நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கம், நல்ல ஆங்கிலத்தில். பிழை இருக்கிறதா என்று மூன்று முறை சரிபார்த்துத்தான் அனுப்பினேன். (சரிபார்க்க வேண்டியதை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.)

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். கோலார் தங்க வயலின் பாலகாட்டில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். ஸ்டெல்லா அக்கா கார்மெண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் செய்யத் தொடங்கியபோது, அவள் பெயரில் ஒரு டொமைன், அதாவது இணைய முகவரி, வாங்கி வலைத்தளம் போட்டுக் கொடுத்ததும் நான்தான். பெங்களூர்க்காரர்களின் ஆர்டரெல்லாம் அதில்தான் வரும். அந்தக் கிறிஸ்துமஸ் நன்றாகப் போனால் அக்கா தொழிலைத் தொடர்வாள். இல்லையென்றால் ஜனவரியில் மறுபடி கார்மெண்ட்ஸ் பஸ் ஏறுவாள்.

நவம்பரில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மேலே கழுகு முத்திரை, சுற்றிலும் சிவப்புக் கட்டம், நடுவில் ‘இறுதி அறிவிப்பு’. உங்கள் டொமைன் காலாவதியாகப் போகிறது, உடனே புதுப்பிக்காவிட்டால் பெயர் பறிபோகும் என்று இருந்தது.

அந்தப் பெயரை ஆறு மாதத்துக்கு முன்புதான், இரண்டு வருடத்துக்குச் சேர்த்து, வேறொரு கம்பெனியில் வாங்கியிருந்தேன். பால்குடி மறக்காத பிள்ளைக்கு ரிட்டயர்மெண்ட் ஆர்டர் வந்த கதை. எனக்கு அது உறைக்கவில்லை. நோட்டீஸ் என்ற சொல்லைப் பார்த்தாலே எங்கள் வீட்டில் எல்லோரும் பதறிவிடுவோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸ்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள்.

அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நோட்டீஸுக்கு அவரிடம் ஒரே மருந்துதான் உண்டு.

“இன்னா நோட்டீஸ் வந்தாலும் மொதல்ல ஒரு பெட்டிஷன் குடுத்துடணும்டா. பணிவா எழுது. எல்லா ஜெராக்ஸும் வை.”

எழுதினேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, நான் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளியின் மகன். எங்கள் குடும்ப நிலையைக் கருணையுடன் பரிசீலித்து ஒரு மாத அவகாசம் தந்து உதவ வேண்டுகிறேன்.’ இணைப்பாக அப்பாவின் சர்வீஸ் சர்டிபிகேட், ரேஷன் கார்டு, அக்காவின் ஞானஸ்நானச் சான்றிதழ். (அது எதற்கு என்று கேட்காதீர்கள். ஜெராக்ஸ் இருந்தது, வைத்தேன்.)

பதினோராவது நிமிடம் பதில் வந்தது. என் விண்ணப்பம் அனுதாபத்துடன் பரிசீலிக்கப்பட்டு, தாமத அபராதம் தள்ளுபடி செய்யப்பட்டதாம். ஐந்து வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, டொமைனின் ரகசியக் குறியீட்டை அனுப்பினால் போதுமாம்.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“பதினோரு நிமிசமா? சொரங்கத்துல வேற ஷாப்ட்டுக்கு மாத்திக் குடுங்கன்னு நான் எழுதுன பெட்டிஷனுக்கு பதில் வர்றதுக்குள்ள ஷாப்ட்டயே மூடிட்டாங்களேடா.”

எங்கள் வம்சத்தில் முதன்முதலாக ஒரு மனு ஏற்கப்பட்டிருக்கிறது. பணம் கட்டினேன். குறியீட்டை அனுப்பினேன். டொமைனுக்கு இருந்த பூட்டைக்கூட அவர்கள் சொன்னபடி நானே திறந்துவிட்டேன். பிறகு அந்த நன்றிக் கடிதம். தங்க வயல் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், கேக் தருகிறோம் என்று முடித்திருந்தேன்.

மறுநாள் நாங்கள் பெயர் வாங்கிய கம்பெனியிலிருந்தே ஒரு மின்னஞ்சல். ‘உங்கள் டொமைனை வேறு கம்பெனிக்கு மாற்றக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்கவில்லையென்றால் ஐந்து நாளுக்குள் தடுத்துவிடுங்கள்.’

நான் சிரித்துக்கொண்டே அதை அக்காவிடம் காட்டினேன்.

“பார்த்தியா அக்கா, இப்படித்தான் ஏமாத்துவானுங்க.”

“இவங்ககிட்டதானடா பேரையே வாங்குன?”

“அதே பேர்ல போலியா அனுப்புவானுங்க. உனக்கு இதெல்லாம் தெரியாது.”

சொல்லிவிட்டு, அவள் கண் முன்னாலேயே அழித்தேன். இன்று நினைத்தாலும் அந்த விரலை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

டிசம்பர் முதல் வாரம். பெங்களூர் போகும் காலை ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பிரகாஷ் தன் ஆபீசுக்கு கேக் சொல்ல எங்கள் தளத்தைத் திறந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன்.

“மச்சி, உங்க அக்கா கேக்க வுட்டுட்டு ஒடம்பு எளைக்கிற பவுடர் விக்கறாங்களா?”

போனை வாங்கிப் பார்த்தேன். அக்காவின் பெயருக்குக் கீழே தட்டை வயிற்றோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லி நோட்டீஸைக் காட்டினேன். பிரகாஷ் அதன் அடியில் விரலை வைத்துப் பெரிதாக்கினான்.

“இது பில் இல்ல, உங்க டொமைன எங்க கம்பெனிக்கு மாத்திக்கச் சொல்ற விளம்பரம்னு போட்டிருக்கான். படிக்கலையா நீ?”

“படிச்சேன்.”

“இன்னாத்த படிச்ச?”

ரயில் பங்காருப்பேட்டையில் நின்றது. பழைய கம்பெனிக்குப் போன் செய்தேன். “ஐந்து நாள் அவகாசம் கொடுத்தோமே சார், நீங்கள் தடுக்கவில்லையே” என்றார்கள். இனி அறுபது நாள் பெயரை நகர்த்த முடியாதாம். சைபர் கிரைமில் புகார் கொடுத்தேன். கழுகுக்காரருக்கு இன்னொரு மனுவும் போட்டேன். இந்த முறை பதினோரு நாளாகியும் பதில் இல்லை.

ரயிலில் விஷயம் தெரிந்த அன்று மாலையே வீட்டுக்குப் போனபோது அக்கா திராட்சை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கை நின்றது.

“அப்போ, நீ டெலிட் பண்ணியே, அந்த மெயிலு?”

“அதுதான் நிஜம்.”

அவள் திட்டியிருக்கலாம். அதற்குப் பதில் உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“ரயில்ல தெனம் எத்தினி பேர் போறாங்க? போய் கேளு.”

மறுநாளிலிருந்து பெட்டி பெட்டியாக ஏறி இறங்கினேன். “ஆன்லைன்ல இல்லையா தம்பி?” என்று எல்லோரும் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் முழுக்கதையையும் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு டீச்சரம்மா மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, பரிதாபப்பட்டு மூன்று கிலோ சொன்னார். நான்காம் நாள் நோட்டு நிறைந்தது. கேக் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்ததும் நான்தான்.

அக்கா கார்மெண்ட்ஸுக்குத் திரும்பவில்லை. அந்த டொமைனை மீட்கவும் இல்லை, தேவைப்படவில்லை என்கிறாள். அவளுடைய புதிய விசிட்டிங் கார்டில் வலைத்தள முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ‘காலை ரயில், மூன்றாவது பெட்டி’ என்று அச்சடித்திருக்கிறது. யாராவது தளம் உண்டா என்று கேட்டால் அப்பா என்னைக் கை காட்டுகிறார்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். சமையலறையில் அக்கா போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஆமாங்க, ரெண்டு நாளா வெப்சைட் வேல செய்யல. இப்பத்தான் கஞ்சி குடுத்துட்டு வந்தேன்.”